ஆற்றில் மட்டி இருக்கிறது, ஆனால் எல்லாமே கிழடு: இது நல்ல செய்தியா?

#1 மணல்திட்டு

நாலு வருடமாக ஒரே ஆற்றின் ஒரே திருப்பத்தில், தண்ணீர் முழங்காலுக்குக் குறையும் நாட்களில் இறங்கி நடக்கிறேன். வாளியின் அடியை வெட்டிக் கண்ணாடி ஒட்டி வைத்திருக்கிறேன். அதை நீர்மட்டத்தில் அழுத்திப் பார்த்தால் தரை தெளிவாகத் தெரியும். இந்த முறை இருபது மீட்டர் நீளத்தில் உயிருள்ள நன்னீர் மட்டிகள் (ஆற்றுக் கிளிஞ்சல்கள்) 43. போன வருடம் 45. அதற்கு முந்தைய வருடம் 44. எல்லாம் உள்ளங்கை அளவு. ஓட்டின் முதுகுப்பக்கம் சுண்ணாம்புச் சுவர் உரிந்த மாதிரி தேய்ந்திருக்கிறது. நிழல் பட்டாலே ஓட்டை இறுக்கிக்கொள்கின்றன.

எண்ணிக்கை இப்படி அசையாமல் இருப்பதால் ஆறு நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "அதுல ஒரு குட்டியாவது இருந்துச்சா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், நாலு வருடத்தில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தூண்டில்முள்

43 உயிர் மட்டி என்றால் நல்ல செய்திதானே அண்ணா. நான் தூண்டில் போடும் இடங்களில் வெறும் ஓடுதான் காலில் குத்துகிறது.

#3 விலங்கியல் வாத்தியார்

மணல்திட்டு, உங்கள் நண்பர் கேட்டதுதான் சரியான கேள்வி.

மட்டி லேசில் சாகாது. சிக்கலே அங்கேதான். ஐரோப்பாவின் குளிர்ந்த ஆறுகளில் வாழும் நன்னீர் முத்து மட்டி (மார்கரிடிஃபெரா மார்கரிடிஃபெரா) நூறு வயதைத் தாண்டும். வடக்கே இருநூறை நெருங்கியவையும் உண்டு. அப்படிப்பட்ட ஆற்றில் கடைசியாகக் குட்டி பிழைத்து ஐம்பது வருடம் ஆகியிருந்தாலும், நீங்கள் வாளியோடு இறங்கினால் மட்டி கண்ணில் படும். அடுத்த வருடமும் படும். கணக்கு ஒன்றிரண்டுதான் குறையும். பிறகு எல்லாம் ஏறக்குறைய ஒரே வயது என்பதால் கொஞ்ச காலத்திலேயே மொத்தமாகப் போய்விடும். சூழலியலில் இதை அழிவுக் கடன் என்பார்கள். பிள்ளைகள் எல்லாம் வெளியேறி, பெரியவர்கள் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஊரில் ஆள் இருப்பது போலத்தான் தெரியும்.

குட்டி ஏன் வரவில்லை என்று புரிய அதன் பிறப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண் மட்டி விந்தணுவைத் தண்ணீரில் விட்டுவிடும். பெண் அதை மூச்சுத் தண்ணீரோடு உள்ளே இழுக்கும். கரு வளர்வது தாயின் செவுளுக்குள். அங்கிருந்து வெளியே வருவது குளோக்கிடியம் என்னும் லார்வா. இரண்டு நுண்ணிய ஓடு, நடுவே இழுத்து மூட ஒரு தசை, அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடையாது. முத்து மட்டியில் இதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இது போய் ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ கவ்விக்கொள்ள வேண்டும். மீனின் தோல் அதைச் சுற்றி வளர்ந்து பொதிந்துவிடும். உள்ளேயே உருமாறி, குட்டி மட்டியாக உதிரும். பல இனங்களுக்கு இதற்குச் சில வாரம் போதும். முத்து மட்டி மட்டும் கோடையில் ஏறிக் குளிர்காலம் முழுக்க மீனிலேயே தங்கி அடுத்த வருடம்தான் இறங்கும்.

மீன் கிடைக்கவில்லையா, சில நாளில் கதை முடிந்தது. எந்த மீனாவது கிடைத்தால் போதும் என்றும் இல்லை. முத்து மட்டிக்கு அட்லாண்டிக் சால்மனோ பழுப்பு டிரவுட்டோதான் வேண்டும். ஒரு தாய் ஒரு பருவத்தில் பல லட்சம் லார்வாக்களை விடும். அவற்றில் லட்சத்துக்கு ஒன்றுகூட மீனைப் போய்ச் சேர்வதில்லை.

ஆகவே உங்கள் 43-ஐ வைத்து இப்போதைக்கு ஒன்றுதான் சொல்ல முடியும்: அவை பிறந்த காலத்தில் அந்த ஆற்றில் சரியான மீன் இருந்தது.

#4 சந்தேகப்பிராணி

கேட்டால் கோபப்படக் கூடாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது மீனின் ஒட்டுண்ணி. ஒட்டுண்ணியைக் காப்பாற்றுவதற்கு இத்தனை பாடா?

#5 தூண்டில்முள்

எனக்கும் அதே சந்தேகம். சில மீன்களின் துடுப்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் பார்த்திருக்கிறேன். நோய் என்று நினைத்துத் திரும்ப விட்டுவிடுவேன். அது இதுதானா?

#6 விலங்கியல் வாத்தியார்

இருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். குளோக்கிடியம் என்றால் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் மூடிய குட்டி ஓடு இருக்கும்.

ஒட்டுண்ணி என்ற வார்த்தைக்கு இங்கே ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. 1797-இல் ராட்கே என்பவர் மட்டியின் செவுளுக்குள் இந்த லார்வாக்களைக் கண்டு, மட்டியைப் பிடித்த ஒட்டுண்ணி என்று முடிவுகட்டி 'குளோக்கிடியம் பாராசிட்டிகம்' என்று பெயரும் வைத்துவிட்டார். தாயின் வயிற்றுப் பிள்ளையை நோய் என்று நினைத்துவிட்டார்! ஒட்டுண்ணி என்றது சரி, யாருக்கு என்பதில்தான் தவறு. அவர் வைத்த பெயர்தான் இன்னும் நிற்கிறது.

மீனுக்குக் கெடுதல் உண்டா என்றால், இயற்கையில் ஏறும் அளவுக்குப் பெரும்பாலும் பெரிதாக இல்லை. செவுளில் மிக அதிகமாக ஏறினால் மூச்சு வாங்கும். முன்பு ஏற்றிக்கொண்ட மீனுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும், அடுத்த முறை லார்வாவை உதிர்த்துத் தள்ளிவிடும். பாடப்புத்தகத்தில் மீனை 'விருந்தோம்பி' என்கிறோம். உள்ளபடி வருவது அழையா விருந்தாளி. ஆனால் சில வாரம் தங்கிவிட்டுப் போகும் அந்த விருந்தாளி, அதற்குப் பிறகு பத்திருபது வருடம் அதே ஆற்றின் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருக்கும். கணக்குப் பார்த்தால் மீனுக்கு நட்டமில்லை.

#7 கண்ணாடித்தொட்டி

மீனிடம் போய்ச் சேர அவை போடும் வேஷத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே வாத்தியாரே. எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அதனால்தான்.

வட அமெரிக்காவில் லாம்ப்சிலிஸ் என்று ஒரு குழு. தாய் மட்டி தன் மேன்டில் (ஓட்டுக்கு உள்ளே உடலைப் போர்த்தியிருக்கும் சதை மடிப்பு) விளிம்பை ஓட்டுக்கு வெளியே விரித்து ஆட்டும். கண், வால், பக்கக்கோடு எல்லாம் வரைந்த குட்டி மீன் போலவே இருக்கும். மட்டிக்குக் கண் கிடையாது. தான் எதைப் போல இருக்கிறோம் என்று அது பார்த்ததே இல்லை. பாஸ் மீன் இரை என்று பாய்ந்து கடிக்கும். வாய் நிறைய லார்வா.

ஸ்னஃப்பாக்ஸ் என்ற எபியோபிளாஸ்மா இனம் இன்னும் முரடு. லாக்பெர்ச் என்ற மீனுக்கு மூக்கால் கல்லைப் புரட்டி இரை தேடும் பழக்கம். அது வந்து மூக்கை நுழைத்ததும் மட்டி இரண்டு ஓட்டையும் மூடி மீனின் தலையைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிடியில் லார்வாக்களைச் செவுளுக்குள் பீய்ச்சிவிட்டுத்தான் விடும். லாக்பெர்ச்சின் மண்டை ஓடு கெட்டி என்பதால் தப்பிக்கிறது, வேறு சிறு மீன் மாட்டினால் செத்தே போகலாம். ஐரோப்பாவின் யூனியோ கிராஸஸ் மட்டி கரைக்கு நகர்ந்து வந்து, பின்பக்கத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, லார்வா கலந்த நீரை ஆற்றுக்குள் பீய்ச்சி அடிக்கும். விழும் துளியை இரை என்று நினைத்து மீன்கள் கூடும். சாலமாண்டர் மட்டி என்று ஒன்றுக்கு மீனே வேண்டாம், மட்பப்பி என்ற நீர்வாழ் சாலமாண்டரின் செவுள்தான் வேண்டும்.

பிட்டர்லிங் மீன் இதைத் திருப்பிச் செய்கிறது. பெண் மீன் நீளமான குழாயை மட்டிக்குள் விட்டு அதன் செவுளில் முட்டை இடும். பிள்ளை வளர்ப்பை ஒருவர் தலையில் ஒருவர் கட்டுகிறார்கள்.

சரி, ஒரு பாவமன்னிப்பும் கேட்டுவிடுகிறேன். 'தண்ணீரைச் சுத்தம் செய்யும்' என்ற பேச்சை நம்பி ஒருமுறை மூன்று மட்டிகளை மீன் தொட்டியில் விட்டேன். தொட்டி நீர் ஏற்கெனவே நன்றாக வடிகட்டிய நீர். அதில் அவற்றுக்குத் தின்ன என்ன இருக்கும்? பட்டினி கிடந்து மணலுக்குள்ளேயே செத்தது ஒன்று. எனக்குத் தெரியவில்லை. நாறி, அம்மோனியா ஏறி, ஒரே இரவில் மீன்கள் எல்லாம் மிதந்தன. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

#8 சந்தேகப்பிராணி

தலையைப் பிடித்துவைத்துப் பிள்ளையை ஒப்படைக்கும் மட்டி! சரி, கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது. தொடருங்கள்.

#9 பழையபொத்தான்

நான் உயிரியல் ஆள் இல்லை, பழைய பொத்தான் சேகரிப்பவன். அந்த வழியாக மட்டிக்கு வந்தவன்.

பிளாஸ்டிக் வருவதற்கு முன் சட்டைகளில் இருந்த பளபளப்பான வெள்ளைப் பொத்தான்களில் ஏராளமானவை ஆற்று மட்டியின் ஓட்டில் வெட்டியவை. ஜான் போப்பிள் என்ற ஜெர்மன் பொத்தான் தொழிலாளி அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மிசிசிப்பிக் கரையிலுள்ள மஸ்கடீனில் 1891-இல் தொழிலைத் தொடங்கினார். 1905-இல் அந்த ஒரு ஊரில் மட்டும் ஒரு வருடத்துக்கு 150 கோடி பொத்தான். என்னிடம் அந்தக் காலத்து ஓடு ஒன்று இருக்கிறது, சல்லடை மாதிரி வட்ட வட்டமாக ஓட்டை. ஓர் ஓட்டில் ஏழெட்டுப் பொத்தான் எடுத்துவிட்டு மீதியைக் குப்பையில் கொட்டியிருக்கிறார்கள்.

மட்டிப் படுகைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. தீர்ந்த பிறகுதான் புத்தி வந்தது. 1908-இல் மஸ்கடீனுக்குப் பக்கத்தில் ஃபேர்போர்ட்டில் அரசே ஓர் ஆய்வு நிலையம் தொடங்கியது. மீன்களின் செவுளில் லார்வாவை ஒட்டவைத்து ஆற்றில் விட்டுப் பார்த்தார்கள். இன்றைக்கு மட்டி உயிரியலில் தெரிந்த பல அடிப்படை விஷயங்கள் பொத்தானுக்காகக் கண்டுபிடித்தவைதான். போப்பிளும் கடைசியில் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். ஆற்றில் இறங்கியபோது மட்டி ஓடு காலைக் கிழித்து, புண் விஷமாகி, 1912-இல் இறந்தார். படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பொத்தானுக்குப் பிறகும் விடவில்லை. ஜப்பானில் வளர்ப்பு முத்துக்குள் வைக்கும் உருண்டைக் கருவும் இந்த மிசிசிப்பி, டென்னசி மட்டிகளின் ஓட்டில் கடைந்ததுதான்.

#10 நீரோட்டம்

பழையபொத்தான் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொத்தான்காரர்கள் விரும்பிய மட்டிகளில் ஒன்று எபனிஷெல். அதன் விருந்தோம்பி ஸ்கிப்ஜாக் ஹெர்ரிங் என்ற வலசை மீன். 1913-இல் கியோகக்கில் மிசிசிப்பியின் குறுக்கே அணை எழுந்தது. மீனால் மேலே ஏற முடியவில்லை. அணைக்கு மேலே இருந்த எபனிஷெல்களை யாரும் அன்றைக்குக் கொல்லவில்லை, தண்ணீரும் இருந்தது, அவையும் உயிரோடுதான் இருந்தன. ஆனால் குட்டி நின்றுபோனது. பல பத்தாண்டுகள் கழித்தும் சில கிழட்டு ஓடுகள் உயிரோடு கிடைத்தன. மணல்திட்டு பார்த்ததும் இந்த வகைக் காட்சியாக இருந்துவிடுமோ என்றுதான் பயம்.

ஸ்பெயினின் எப்ரோ ஆற்றிலும் இதே கதை. பெரிய முத்து மட்டி என்ற இனத்தின் முக்கிய விருந்தோம்பி ஸ்டர்ஜன் மீன். ஸ்டர்ஜன் அந்த ஆற்றை விட்டே போய்விட்டது. மிஞ்சியிருப்பதில் பெரும்பாலும் முதிய மட்டிகள்.

மீன் இருந்தும் குட்டி இல்லாமல் போக இன்னொரு வழி உண்டு. மீனிலிருந்து உதிர்ந்த குட்டி முதல் சில வருடம் மணலுக்குள் புதைந்துதான் வாழும், முத்து மட்டி ஐந்து வருடம்வரை. மணல்துகள்களுக்கு இடையே தண்ணீர் ஓட வேண்டும். கரையில் மண் அரித்து வண்டல் வந்து அந்த இடுக்குகளை அடைத்தால் உள்ளே ஆக்ஸிஜன் போகாது. மேலே நிற்கும் பெரிய மட்டிக்கு ஒன்றும் ஆகாது, கீழே குட்டி மூச்சுத் திணறிச் சாகும். அம்மோனியாவும் அப்படித்தான். நீர்வாழ் உயிர்களில் மட்டிக் குட்டிகள் அதற்கு மிக மென்மையானவை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2013-இல் அம்மோனியா வரம்பைத் திருத்தியபோது மட்டிகளின் தாங்குதிறனைக் கணக்கில் எடுத்துதான் இறுக்கியது.

ஆகவே ஆய்வகத்தில் குட்டி வளர்த்துக் கொட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

#11 கண்ணாடித்தொட்டி

நீரோட்டம், பானையை அடைக்க முப்பது வருடம் ஆகும் என்றால் அதுவரை என்ன செய்வது? இங்கிலாந்தில் விண்டர்மியரில் 2007 முதல் வெவ்வேறு ஆறுகளின் முத்து மட்டிகளைத் தனித்தனியாக வைத்துக் குட்டி எடுக்கிறார்கள். ஆறு திருந்தும்வரை விதைநெல்லைக் காப்பது போல. விதைநெல் போய்விட்டால் வயல் திருந்தி என்ன பயன்?

#12 நீரோட்டம்

விதைநெல் ஒப்புமை சரி, ஒத்துக்கொள்கிறேன். என் கோபம் வேறு. மட்டி விடுவதைப் படம் எடுத்துவிட்டு வண்டலைப் பற்றிப் பேச மறுப்பவர்கள் மேல்.

சுத்தமான நீரிலும் ஆபத்து இருக்கிறது. அமெரிக்காவில் வர்ஜீனியாவிலும் டென்னசியிலும் ஓடும் ஓர் ஆறு, மட்டி வளத்துக்குப் பேர்போனது. பெயர் கிளிஞ்ச். (ஆமாம், கிளிஞ்சலுக்குக் கிளிஞ்ச் ஆறு.) அங்கே 2016 முதல் ஃபெசன்ட்ஷெல் என்ற மட்டி ஆண்டுதோறும் கொத்துக் கொத்தாகச் செத்தது. ஆராய்ந்தபோது புதுவகை டென்சோவைரஸ் ஒன்று அந்தச் சாவோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. இப்படி ஒன்று வந்தால் தனியே காப்பாற்றி வைத்த குட்டிதான் கைகொடுக்கும். அந்த மட்டில் நீங்கள் சொல்வது சரி.

#13 சந்தேகப்பிராணி

ஒரு பெரிய மட்டி ஒரு நாளைக்கு 50 லிட்டர் வடிகட்டும் என்று படித்தேன். அப்படியானால் கழிவு கலக்கும் இடத்தில் ஆயிரம் மட்டியைக் கொண்டுபோய்ப் போட்டால் பிரச்சினை முடிந்ததே? மட்டிக்கும் வாழ்வு, ஆற்றுக்கும் சுத்தம்.

#14 நீரோட்டம்

முத்து மட்டிக்கு 50 லிட்டர் என்பது சரிதான். ஆனால் அது வடிப்பது பாசி, பாக்டீரியா, நுண்துகள். அம்மோனியாவையோ தாமிரத்தையோ வடிகட்டாது, அவற்றால் சாகும். கழிவு கலக்கும் இடத்தில் போட்டால் கிடைப்பது ஆயிரம் பிணம். கண்ணாடித்தொட்டி அதைச் சின்ன அளவில் செய்து காட்டிவிட்டாரே.

அதன் மென்மையை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். போலந்தின் வார்சாவில் குடிநீர் எடுக்கும் இடத்தில் எட்டு மட்டிகளின் ஓட்டில் உணர்கருவி ஒட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் ஏதாவது கெட்டால் அவை ஓட்டை மூடும், உடனே எச்சரிக்கை போகும். கொஞ்ச காலம் வேலை வாங்கிவிட்டுத் திரும்ப ஏரியிலேயே விட்டுவிடுவார்களாம். ஓய்வூதியம் மட்டும்தான் பாக்கி.

#15 தூண்டில்முள்

அப்படியென்றால் மணல்திட்டு அண்ணா ஆற்றுக்கு வேறு ஆற்றிலிருந்து இளம் மட்டிகளைக் கொண்டுவந்து விட்டால்? நானே தூக்கி வருகிறேன்.

#16 விலங்கியல் வாத்தியார்

வேண்டவே வேண்டாம் தம்பி. மட்டியோடு என்ன வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. வைரஸ் கதையை இப்போதுதான் படித்தீர்கள். வரிக்குதிரை மட்டி என்று ஒன்று, நம் மட்டிகளுக்கு ரொம்பத் தூரத்து உறவுதான். அதன் லார்வாவுக்கு மீன் தேவையில்லை, தானே நீந்தும். 1988-இல் அமெரிக்கப் பேரேரிகளை ஒட்டிய செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடித்தார்கள். நூல் போன்ற இழையால் கிடைத்ததில் எல்லாம் ஒட்டும், உள்ளூர் மட்டியின் ஓட்டையும் விடாது. ஒன்றின் மேல் ஆயிரக்கணக்கில் ஏறி, திறக்கவும் விடாமல் தின்னவும் விடாமல் கொன்றன. அந்த ஏரியில் உள்ளூர் மட்டிகள் ஏறக்குறையத் துடைத்தெடுத்தது போலப் போயின. சீனக் குளத்து மட்டியும் உலகம் சுற்றியது இப்படித்தான். வளர்ப்புக்காக ஏற்றுமதியான கெண்டை மீன்களின் மேல் அதன் லார்வா ஒட்டிக்கொண்டு போனது, கண்ணுக்கே தெரியாமல்.

தவிர, பல நாடுகளில் பாதுகாக்கப்பட்ட மட்டி இனங்களை அனுமதியின்றி எடுப்பது குற்றம். ஸ்காட்லாந்தில் முத்து எடுப்பதை 1998-இல் தடைசெய்தார்கள். தாமதமாக வந்த சட்டங்களும் உண்டு. அமெரிக்கா 2023-இல் அழிந்துபோனவை என்று சொல்லிப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கிய 21 உயிரினங்களில் எட்டு நன்னீர் மட்டிகள்.

மணல்திட்டு, உங்களுக்கு ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். குட்டியே இல்லை என்று நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. குட்டி மணலுக்குள் இருக்கும், கண்ணாடி வாளியில் தெரியாது. மேலே தெரிவதை மட்டும் எண்ணினால் எந்த ஆறும் முதியோர் இல்லமாகத்தான் தோன்றும். முறைப்படி அரை மீட்டர் சதுரச் சட்டம் வைத்து, அதற்குள் பத்துப் பதினைந்து செ.மீ. ஆழம் மணலை அள்ளிச் சல்லடையில் அலச வேண்டும். அனுமதியும் ஆய்வாளர் ஒருவரும் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள், படுகையைக் கலைத்துவிடுவீர்கள். இப்போதைக்கு யாரையும் தொந்தரவு செய்யாத வேலை ஒன்று இருக்கிறது: கரையில் கிடக்கும் காலி ஓடுகளை அளந்து எழுதுங்கள். சின்ன ஓடு கிடைத்தால், சமீபத்தில் ஒரு குட்டியாவது பிறந்து செத்திருக்கிறது என்று அர்த்தம். இந்த ஆராய்ச்சியில் அதுவும் நல்ல செய்தி!

வளர்ச்சி வளையத்தை எண்ணி வயது சொல்லிவிடாதீர்கள். முதுகு தேய்ந்த ஓட்டில் ஆரம்ப வளையங்கள் அழிந்திருக்கும், வயது குறைவாகவே வரும்.

#17 மணல்திட்டு

ஏழு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஓடு அளந்தேன். 61 ஓடு, மிகச் சிறியது ஏழு செ.மீ. அப்புறம் மட்டி ஆராயும் ஒருவருக்குப் படங்களோடு எழுதினேன், உரிய அனுமதியோடு வந்தார். பன்னிரண்டு இடத்தில் சட்டம் வைத்து அலசினோம். ஒன்பதாவது சல்லடையில், மூன்று செ.மீ.க்கும் குறைவாக, உயிரோடு ஒன்று! ஆற்றுக்குள் நின்றுகொண்டு கத்திவிட்டேன்.

அவர் உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வேற இனங்க" என்றார். பல வகை மீன்களில் ஏறக்கூடிய சாதாரண இனமாம். என் 43-இன் பிள்ளை இல்லை. அவற்றின் குட்டி பன்னிரண்டு சட்டத்திலும் கிடைக்கவில்லை. வண்டல் அதிகம் இல்லை, இந்தக் குட்டி பிழைத்திருப்பதே மணல் பரவாயில்லை என்பதற்கு அடையாளம், ஆகவே மீனைத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

#18 விலங்கியல் வாத்தியார்

குட்டியை எப்படித் திரும்ப வைத்தீர்கள்? எறிந்துவிடவில்லையே?

#19 மணல்திட்டு

இல்லை வாத்தியாரே. கால் பக்கம் கீழே, மூச்சுத் துவாரம் உள்ள பின்பக்கம் மேலே, எடுத்த இடத்திலேயே. அவர்தான் வைத்தார், எனக்குக் கை நடுங்கியது.

#20 தூண்டில்முள்

அண்ணா, அந்தத் திருப்பத்துக்குக் கீழே இடுப்பளவு தடுப்புச் சுவர் ஒன்று இருக்கும் என்று முன்பு வேறு இழையில் எழுதியிருந்தீர்களே. சுவருக்கு மேலே என்னென்ன மீன் கிடைக்கிறது, கீழே என்னென்ன கிடைக்கிறது என்று தனித்தனியாகப் பட்டியல் எடுக்கலாமா? பிடித்து, படம் எடுத்து, விட்டுவிடுவோம். அது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வேலை. சனிக்கிழமை காலை வருகிறேன், அந்த வாளியையும் எடுத்து வையுங்கள்.